சூலத்துப் பழமும் மீன் ஜெலட்டினும்

“மாமா, ஒரே பழம்தான். எவ்ளோ சாறு பாருங்க!”

என் மருமகன் தினேஷ் கண்ணாடிக் கிண்ணத்தை என் மூக்குக்கு நேராக நீட்டினார். இன்னொரு கையில் துருவி. பழத்தின் மேல்தோலையும் வீணாக்காமல் பொடிப்பொடியாகச் சீவி ஒரு தட்டில் குவித்திருந்தார். அடுப்பில் சீனிப்பாகு கொதித்துக்கொண்டிருந்தது. சமையலறை முழுக்க எலுமிச்சை வாசனை.

“சபாஷ் மாப்ள!” என்றேன்.

வாழ்க்கையில் நான் யாருக்கும் லேசில் சபாஷ் சொன்னதில்லை. சொன்ன ஒன்றும் இப்படிப் போய் மாட்டிக்கொண்டது.

போன வாரம் எடைமேடைக்குள் புகுந்த மலைப்பாம்பைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரமும் அப்படி ஏதாவது வீரச்செயல் வரும் என்று காத்திருப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இந்த வாரம் மார்ஷ்மெல்லோ.

தலையணை தின்னும் ஆசை

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சீனிப்பாகையும் ஜெலட்டினையும் சேர்த்து, நுரைத்துப் பொங்கும்வரை அடித்து, தட்டில் ஊற்றி உறையவைத்தால் வருவது மார்ஷ்மெல்லோ. வாயில் போட்டால் குட்டித் தலையணையைக் கடித்ததுபோல் இருக்கும். பல் இருக்கிற மனிதன் ஏன் இதைச் சாப்பிட வேண்டும் என்பது என் நெடுநாள் கேள்வி.

என் மகள் புவனாவுக்கு அது வேண்டியிருந்தது. அதுவும் புளிப்பாக வேண்டியிருந்தது.

அவளும் தினேஷும் பக்கத்து ஊர் புஞ்சாக் ஆலாமில் இருக்கிறார்கள். நான் அசாம் ஜாவாவில் தனியாக இருக்கிறேன். மனைவி காலமான பிறகு சமையல் என் கைக்கு வந்தது. முதல் வருடம் சோறு குழைந்தது, இரண்டாம் வருடம் குழம்பு தேறியது. இப்போது அக்கம்பக்கத்தில் என்னிடம் ரசத்துக்கு யோசனை கேட்கிறார்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

ஒருநாள் புவனா போனில் அழைத்தாள். “பா, எது சாப்ட்டாலும் கொமட்டுது பா. இங்க ஒரு கடையில லெமன் மார்ஷ்மெல்லோ சாப்ட்டேன், அது மட்டும்தான் உள்ள நின்னுச்சு.”

எனக்குப் புரிந்துவிட்டது. நான் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை.

காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருடமும் இப்படித்தான் ஒரு போன் வந்தது. அப்போது நான் கத்திக் கூப்பாடு போட்டுச் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் மாதமே அந்தக் கரு தங்காமல் போய்விட்டது. புவனாவை இங்கே கூட்டிவந்து இரண்டு வாரம் வைத்துக்கொண்டேன். பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற மாதிரியே பூண்டுக் குழம்பும் நல்லெண்ணெயுமாகச் செய்து போட்டேன்.

வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. டெங்கிக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டோம். தினேஷின் அம்மாவிடம் சொன்னதும் டெங்கிதான்.

அவரிடம் ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். சம்பந்தியம்மாவை உங்களுக்குத் தெரியாது. உலு யாமில் வடைக்கடை வைத்து மகனைப் படிக்கவைத்தவர், அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காலையில் அந்தக் கடையில் ஒரு செய்தி நுழைந்தால், வடை வேகுமுன் அடுத்த ஊர் பத்தாங்காலிக்குப் பஸ் ஏறிவிடும். “எங்கம்மாகிட்ட சொல்றதும் மைக்ல சொல்றதும் ஒண்ணு மாமா” என்று தினேஷே சொன்னார். பெற்ற பிள்ளையே அப்படிச் சொல்லும்போது நான் என்ன செய்ய?

ஆக இந்த முறை மூன்று மாதம் முடியும்வரை வாயைத் திறப்பதில்லை என்று மூவரும் முடிவு செய்தோம். புவனாவுக்கு அதில் உறுதி. “இன்னொரு தடவ அப்படி ஆயி, எல்லாரும் வந்து ஆறுதல் சொல்லி, நான் அதைக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்க முடியாது பா” என்றாள்.

டன் போய் கிராம் வந்தது

செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடையில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்தவன் நான். குலை ஏற்றிவரும் லோரியை டன் கணக்கில் நிறுத்துப் பழகிய கண் இது. இந்தக் கண்ணுக்கு முன்னால் ஒரு குட்டித் தராசை வைத்து, ஜெலட்டினைக் கிராமில் அளந்தால் எப்படி இருக்கும்? அந்தத் தராசு நான் மூச்சு விட்டாலே எண்ணை மாற்றியது. ஆலையில் லோரி ஓட்டிகள் ஈரக் குலையை ஏற்றி என்னை ஏமாற்றுவார்கள். இங்கே என்னை ஏமாற்றியவர் எவரும் இல்லை, ஆனாலும் ஏமாந்தேன்.

கோலசிலாங்கூர் டவுனில் கேக் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். ஜெலட்டின் கேட்டேன். ஹலால் முத்திரை போட்ட பொட்டலத்தைக் கொடுத்தார்கள். சின்ன எழுத்தில் மாட்டிலிருந்து எடுத்தது என்று இருந்தது. முத்திரை இல்லாத ஒன்று இருந்தது, அது பன்றி. ஒரு கூட்டம் இதைத் தொடாது, இன்னொரு கூட்டம் அதைத் தொடாது, இடையில் நான் நின்று எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

“அங்கிள், ஃபிஷ் ஒண்ணு இருக்கு. அது எல்லாருக்கும் போகும் லா” என்றாள் கடைப் பெண்.

மீன் ஜெலட்டின்! மீன் சாப்பிடாத ஆள் நம் வீட்டில் யாரும் இல்லை. வாங்கி வந்தேன்.

முதல் தட்டு உறையவே இல்லை. புளிப்பு அதிகமானால் ஜெலட்டின் இளகிவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டாவது தட்டு உறைந்தது, ஆனால் மத்தி மீனை நினைவுபடுத்தியது. மூன்றாவது அருமையாக வந்தது. பெருமையாக மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் எல்லாத் துண்டும் வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நம் ஊர்க் காற்றில் மனிதனே காய்வதில்லை, மார்ஷ்மெல்லோ எங்கே காயும்?

பிறகு ஒருவழியாகப் பிடிபட்டது. சாறு குறைவாக, துருவிய தோல் தாராளமாக. தோலில்தான் வாசனை, அதுதான் மீனை அமுக்கும். வெட்டிய கையோடு சோளமாவும் ஐசிங் சீனியும் கலந்து புரட்டி, டப்பாவில் போட்டு இறுக்கி மூடிவிட வேண்டும். வாசல் தொட்டியில் நிற்கும் கஸ்தூரி எலுமிச்சைதான் நான் போடுவது. அது நம் மீகோரேங் நூடுல்ஸுக்கு ஓரத்தில் வைக்கிற குட்டிப் பழம். புவனா வாராவாரம் ஒரு டப்பா கொண்டுபோனாள். அவள் வயிற்றில் அது நின்றது. எனக்கு அது போதும்.

ஏலம்

இப்படி இருக்கையில் உலு யாம் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. தோட்டம் என்று பழக்கத்தில் சொல்கிறேன். மரம் போய்விட்டது, ஆட்கள் குடியிருந்த லயம் போய்விட்டது, சுற்றிலும் மாடி வீடுகள் வந்துவிட்டன. கோயிலும் அதன் ஒலிபெருக்கியும் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். அம்மன் சூலத்தின் நுனியில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் குத்தி வைப்பார்கள். திருவிழா முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். பிள்ளை இல்லாத தம்பதி அதை வாங்கி, மறுநாள் காலையில் தலை முழுகிவிட்டு, தோலும் விதையுமாக ஆளுக்குப் பாதி சாப்பிட வேண்டும். ஒரு துளிகூட மீதி வைக்கக் கூடாது, மூன்றாம் ஆள் வாயிலும் படக் கூடாது.

நானும் போயிருந்தேன். ஏலம் தொடங்கியதும் சம்பந்தியம்மா சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய் நின்றார். எதிரே ஒரு குத்தகையாளர் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார். சம்பந்தியம்மாவும் விடவில்லை. ஒரு கட்டத்தில் அவர் ஏலம் கேட்டது போய், குத்தகையாளரைப் பார்த்து, “ஒங்களுக்குத்தான் நாலு இருக்கே, அஞ்சாவது எதுக்கு?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அந்த மனிதர் முகத்தில் ஈ ஆடவில்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். பழம் எங்களுக்கு வந்தது. என்ன விலைக்கு என்று எழுதினால் உங்களுக்கும் மயக்கம் வரும்.

ஊரே திரும்பிப் புவனாவைப் பார்த்தது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு, பிள்ளை வரம் கேட்கும் பழத்தை முந்தானையில் ஏந்தி நின்றாள் என் மகள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் தீரும். சொல்ல முடியவில்லை.

தினேஷ் அந்த நேரம் அங்கே இல்லை. அவருடைய கார் யாருடைய வழியையோ அடைத்துக்கொண்டு நின்றதால், ஒலிபெருக்கியில் எண்ணை வாசித்து அவரைத் துரத்திவிட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு இருவரும் என் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் விடுமுறை. பழம் வாடிவிடக் கூடாதே என்று புவனா எங்களிடம் சொல்லாமல் அதைப் பிரிட்ஜில் காய்த் தட்டில் வைத்தாள். அதைச் சுற்றியிருந்த மஞ்சள் துணியை மடித்துச் சாமி மேடையில் வைத்தாள்.

பழம் எங்கே?

காலையில் புவனாவுக்காக ஒரு தட்டு போடலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். அவள் குமட்டலோடு படுத்துக்கிடந்தாள். வாசல் தொட்டியில் பார்த்தால் கஸ்தூரி எல்லாம் பிஞ்சு. “மாப்ள, பிரிட்ஜ்ல எலுமிச்சம்பழம் கெடக்கும், எடுத்துப் புழிங்க” என்றேன். இரண்டு நாளுக்கு முன் நான் வாங்கிய பழத்தைச் சொன்னேன். அதை நானே ஊறுகாய்க்கு நறுக்கிவிட்டதை மறந்துவிட்டேன்.

ஆகவே தட்டில் இருந்தது ஒன்றே ஒன்று.

பாகு கொதித்து, ஜெலட்டினில் ஊற்றி, மிஷின் அடித்து, வெண்ணெய் நிறத்தில் பொங்கி, தட்டில் வழித்து ஊற்றியும் ஆயிற்று. அப்புறம்தான் புவனா தலை முழுகிவிட்டு வந்து பிரிட்ஜைத் திறந்தாள்.

“பா, பழம் எங்க பா?”

“எந்தப் பழம்?”

“கோயில் பழம் பா!”

நான் தினேஷைப் பார்த்தேன். தினேஷ் சாமி மேடையைப் பார்த்தார். “மஞ்சத் துணியில அங்கதானே இருக்கு?”

“துணி மட்டும்தாங்க இருக்கு!”

தினேஷ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “செவப்பா என்னமோ ஒட்டியிருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சு சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஒரு ஓட்ட இருந்துச்சு. புழு போலன்னு அந்த எடத்த வெட்டிக் குப்பையில போட்டுட்டேன்” என்றார்.

அம்மன் சூலம் பட்ட இடம் குப்பைத் தொட்டியில். குங்குமம் சாக்கடையில். மிச்சம் மீன் ஜெலட்டினில்.

“அத்த மதியம் வருவாங்க. சாப்ட்டீங்களான்னுதான் மொதல்ல கேப்பாங்க” என்றாள் புவனா. “நெசத்த சொல்லிட்டா இந்தப் பழமே வேண்டியதில்ல. ஆனா சொல்லி, மறுபடியும் ஏதாச்சும் ஆயிட்டா?”

வேறு பழம் வாங்கிவந்து பொய் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே வாசலில் செருப்புச் சத்தம். மதியம் என்றால் சம்பந்தியம்மாவுக்குக் காலை பதினொரு மணி.

மீன் விசாரணை

உள்ளே வந்தார், தண்ணீர் குடித்தார், கேட்டார். தினேஷ் பழத்தின் கதையைச் சொல்லிவிட்டார். அந்த மனிதருக்கு அம்மா முன்னால் பொய் வராது. போன வருடம் டெங்கி என்று சொல்லச் சொன்னபோதுகூட என்னைத்தான் பேசச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

நான் ஒரு பெருமழையை எதிர்பார்த்துத் தயாராக நின்றேன். சம்பந்தியம்மா நேராகச் சமையலறைக்குப் போனார். குப்பைத் தொட்டியைக் கிளறி, வெட்டி எறிந்த துண்டையும் சக்கையையும் எடுத்தார். விதைகளைப் பொறுக்கி, எல்லாவற்றையும் அலம்பி, அந்த மஞ்சள் துணியில் முடிந்தார். பிறகு தட்டின் முன்னால் நின்று விரலால் அமுக்கிப் பார்த்தார். அது அமுங்கி எழுந்தது.

“முட்ட போட்டிங்களா?”

“இல்லைங்க.”

“அப்ப எப்படி இப்படி நிக்குது?”

“மீனு” என்றேன் மெதுவாக.

“மீனா?”

“மீன் எலும்பு, தோல்... அதுல எடுக்கிறது.”

சம்பந்தியம்மா யோசித்தார். கடைசியில் தீர்ப்பு வந்தது.

“இப்பத்தான் கோயில் கமிட்டிக்காரங்க பொங்கலு, சுண்டலுன்னு மாத்திட்டாங்க. அந்தக் காலத்துல அம்மனுக்குக் கெடா வெட்டுன எடம் சம்பந்தி அது. மீனுக்கா கோவிச்சுக்குவா? ஆனா ஒண்ணு. மீதி வைக்கக் கூடாது, வேற ஆளு வாயில படக் கூடாது. ரெண்டு பேரும் தட்டு முழுக்கச் சாப்ட்டுருங்க.”

எலுமிச்சம்பழமாக இருந்திருந்தால் ஆளுக்கு இரண்டு வாய். இப்போது அது ஒரு கேக் தட்டளவுக்கு ஊதியிருந்தது. உறைந்ததும் நான் வெட்டினேன், சம்பந்தியம்மா எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இனிப்பைக் குறைக்கச் சொல்லி கிளினிக்கில் எச்சரித்து அனுப்பிய என் மருமகன், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். நான் மாவு ஒட்டிய விரலை வாய்க்குக் கொண்டுபோனேன். “சம்பந்தி!” என்று ஓர் அதட்டல். விரலைக் குழாயில் கழுவினேன்.

புவனா எட்டோ ஒன்பதோ சாப்பிட்டிருப்பாள். வாராவாரம் அவள் வயிற்றில் சமர்த்தாக நின்ற அதே மார்ஷ்மெல்லோ. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். சத்தம் கூடம்வரை கேட்டது. தினேஷ் பின்னாலேயே ஓடினார்.

நானும் சம்பந்தியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

சம்பந்தியம்மா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். “தாயே! பாத்திங்களா சம்பந்தி, பழம் வேல செஞ்சிருச்சு!” என்று குளியலறைக்குக் கேட்கும்படி சொன்னார்.

அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது ஊற்றிய என் கோப்பி இன்னும் ஆறவில்லை, அதற்குள் வரம் பலித்துவிட்டது.

தட்டு கழுவும்போது

புவனாவைப் படுக்கவைத்தார்கள். அவள் சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான் தட்டைக் கழுவப் போனேன். சம்பந்தியம்மா துடைக்கும் துணியோடு பக்கத்தில் வந்து நின்றார். வழக்கத்துக்கு மாறாக மெல்லப் பேசினார்.

“ஏன் சம்பந்தி, டெங்கிக்கு யாராச்சும் பத்தியக் கொழம்பு வைப்பாங்களா?”

கையிலிருந்த தட்டு நழுவிச் சிங்க்கில் விழுந்தது.

“போன வருசம் புவனாவப் பாக்க வந்தேனே. வாசல்லயே பூண்டு வாசன. நல்லெண்ண வேற. டெங்கின்னா பப்பாளி எலச் சாறுல்ல குடுப்பாங்க. நானும் ரெண்டு பெத்து, ஒண்ணப் பறிகுடுத்தவ. எனக்குத் தெரியாதா?”

“நீங்க ஒண்ணுமே கேக்கலையே...”

“மறைக்கணும்னு ஒங்களுக்குத் தோணியிருக்கு. மறைச்சுட்டுப் போங்கன்னு விட்டுட்டேன். ஒங்க கொழம்புல உப்பு கம்மி. அதையும் நான் யாருகிட்டயும் சொல்லல.”

ஒரு வருடம். அந்த வடைக்கடையில், அத்தனை வாய்க்கு நடுவில், ஒரு வருடம். மருமகளுக்கு இன்னும் ஒன்றும் இல்லையா என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! மைக் என்று நான் நினைத்த அந்த அம்மாள் மூச்சு விடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. சோப்பு நுரையைச் சாக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“இப்ப இருக்கறதும் தெரியுமா?” என்று கேட்டேன்.

“திருவிழாவுல சாம்பிராணி போட்டப்ப புவனா மூக்கப் பொத்திக்கிட்டு அந்தாண்ட போச்சே, அப்பவே.”

“அப்புறம் எதுக்குங்க அந்த ஏலம்? புள்ள இல்லாதவங்களுக்குத்தானே அந்தப் பழம்?”

சம்பந்தியம்மா தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

“புள்ள குடுன்னு நான் கேக்கல சம்பந்தி. குடுத்தத இந்தத் தடவ திருப்பி எடுத்துக்காதன்னு கேட்டேன்.”

பிறகு தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, “நாம பேசுனது நமக்குள்ள இருக்கட்டும். புவனாவே எங்கிட்ட வந்து சொல்லட்டும். சொல்றப்ப நான் புதுசா கேக்கறமாரி கேட்டுக்கறேன்” என்றார்.

மூன்று மாதம் முடிந்ததும் புவனா அவருக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மார்ஷ்மெல்லோவை மாவில் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் எழுந்த “ஐயோ, நெசமாவா!” என்ற கூச்சலுக்கு, உலு யாமில் எண்ணெய்ச் சட்டியே அதிர்ந்திருக்கும். “அத்தைக்கு எவ்ளோ ஷாக் பாருங்க பா!” என்று புவனா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பேத்திக்கு இப்போது ஐந்து மாதம். சம்பந்தியம்மாவிடம் இதை எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்க, இப்ப என்னா. ஏலத்துல நான் அந்த ஆள என்னா சொன்னேன்னு மட்டும் எழுதாதிங்க” என்றார்.

அவர் ஒரு வருடம் ரகசியம் காத்தார். என்னால் ஒரு கட்டுரை முடியும்வரைகூடக் காக்க முடியவில்லை.